சோக் கம்பி சுட்டது ஏன்?

குமரகுருபரனின் 1952 மாரிஸ் மைனர் காலை ஒன்பதே முக்காலுக்கு, மாலை மரியாதையோடு செத்துப்போனது. பாளையங்கோட்டையில், பழைய கார்களின் ஊர்வலம் புறப்படவிருந்த மைதானத்து வாசலில். பத்தரைக்குக் கலெக்டர் அதில் ஏறவேண்டும்.

சப்-இன்ஸ்பெக்டர் கரோலின் வந்தபோது டாஷ்போர்டில் கருகல் வாடை அடங்கவில்லை. சொந்தக்காரரின் வலதுகை விரல்களில் ஈரத்துணி. 'ஜமீன்' என்று கூப்பிட்டால்தான் குமரகுருபரன் திரும்பிப் பார்ப்பார். அவர் தாத்தா அந்த ஜமீனில் கணக்கு எழுதியவர் என்பது ஊருக்கே தெரியும், அவருக்குத்தான் மறந்துபோயிருந்தது.

சதி என்றார். செல்ஃப் போட்டாராம், மோட்டார் முனகியதாம், ஆறிக் கிடந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூட்ட சோக்கை இழுத்த கை வெந்துவிட்டதாம். போன வாரம் வண்டி முழுக்கப் புது வயரிங் செய்த தாஜ் முகம்மதுதான் வேண்டுமென்றே கெடுத்திருக்கிறான். தூண்டிவிட்டது பங்காளி காந்திமதிநாதன். உடனே கேஸ் போட வேண்டும்.

தாஜ் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே கரோலினைப் பார்த்தான். அவனுடைய பாஸ்போர்ட் விசாரணை கரோலினின் மேஜையில்தான் கிடந்தது. இன்று ஒரு கேஸ் விழுந்தால் துபாய் வேலை அதோடு சரி.

கரோலின் பானட்டுக்குள் தலையை விட்டாள். புது வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எதிலும் சூடில்லை, உருகலில்லை. சோக் கம்பி மட்டும் நீலம் பாரித்துக் கருகியிருந்தது. கரண்டுக்கும் அதற்கும் கொடுக்கல் வாங்கலே கிடையாது. இழுத்தால் வரும், தள்ளினால் போகும், அவ்வளவுதான். சம்பந்தமில்லாதவன் எதற்கு அடி வாங்கியிருக்கிறான்?

எர்த் எங்கே கொடுத்தீர்கள் என்று தாஜிடம் கேட்டாள். எஞ்சின் ரப்பர் கட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரியின் ஒரு முனை பாடியில் சேர்ந்திருக்கிறது. அதனால் கரண்டு திரும்பிப் போக எஞ்சினுக்கும் பாடிக்கும் ஒரு செம்புப் பின்னல் பட்டை போகும் என்று காட்டினான்.

"இரும்பு பளிச்சுன்னு தெரியுத வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டுத்தான் மாட்டினேன், மேடம். ஓட்டிப் பாத்துத்தான் வண்டிய விட்டேன்."

பட்டை இடத்தில்தான் இருந்தது. நட்டும் இறுக்கம். சுற்றிலும் முகம் பார்க்கலாம் போலக் கரும்பச்சைப் பெயின்ட். கரோலின் அதை வாய்விட்டுப் புகழ்ந்தாள்.

குமரகுருபரன் உருகிவிட்டார். "ஒரு கீறல் காட்டுங்க பாப்போம். பானட்டுக்குள்ளகூட இரும்புன்னு ஒரு பொட்டு தெரியாது."

"யாரு கைவேலை, அண்ணாச்சி?"

அண்ணாச்சி என்றது பிடிக்கவில்லை. ஆனால் புகழை விடவும் மனமில்லை. "பெயின்டர் பயலுவளுக்கு நேர்த்தி வராது. நேத்து வண்டிய இங்க கொண்டாந்து நிறுத்தினப்புறம் கடைசிப் பூச்சு நானே பூசினேன்." இடது கட்டைவிரல் நகத்தில் கரும்பச்சை ஒட்டியிருந்தது.

"ஸ்பேனர எடுங்க, தாஜ்."

நட்டு கழன்றது. பட்டையைத் தூக்கினான். அடியில் இரும்பில்லை, அங்கும் பெயின்ட்.

"ஆளு கெடச்சாச்சு," என்றாள் கரோலின். "இவரு தேச்ச இடம் உங்க கண்ணுக்குச் சொறியாத் தெரிஞ்சிருக்கு. பட்டையக் கழத்தி, பெயின்ட் பூசி, காஞ்சப்புறம் திரும்ப மாட்டியிருக்கீங்க. பெயின்ட் வழியா கரண்டு போகாது. ஆனா செல்ஃபுக்கு வந்த கரண்டு பேட்டரிக்குத் திரும்பியாகணும்லா? எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல மிச்சமிருந்தது அந்த சோக் கம்பிதான். ஒத்தையடிப் பாதையில தேரை இழுத்தா தாங்குமா?"

"கலெக்டர் ஏறுத வண்டியில இரும்பு தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?" என்று முனகினார் குமரகுருபரன். அதுவே வாக்குமூலம்.

"வண்டியக் கெடுத்தவர் மேல புகார் சொல்லுதீங்க. பேரு என்னன்னு எழுதட்டும்?"

புகார் அந்த இடத்திலேயே வாபஸ் ஆனது. சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்தால் பாஸ்போர்ட் விசாரணையை முடித்து அனுப்பிவிடுவதாகக் கரோலின் சொன்னாள். தாஜ் தலையாட்டிவிட்டு உப்புத்தாளைத் தேடினான். அவன் தேய்க்கத் தேய்க்க, "பைய, பைய லே," என்று குமரகுருபரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பட்டையைத் திரும்ப மாட்டியதும் முதல் செல்ஃபிலேயே எஞ்சின் பிடித்தது. ஆனாலும் வழியில் நின்றுவிட்டால்? குமரகுருபரன் தாஜைத் தன் பக்கத்திலேயே ஏற்றிக்கொண்டார்.

முதல் திருப்பத்தில் கூட்டம் வண்டிக்குள் மாலைகளைப் போட்டது. பின்சீட்டில் கலெக்டருக்கு ஒன்று. முன்சீட்டில் எண்ணெய்ச் சட்டைமேல் தாஜுக்கு ஒன்று. கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவன் வண்டியோரமாகப் பந்தோபஸ்துக்கு நடந்துவந்த கரோலினைத் திரும்பிப் பார்த்தான்.

கிடக்கட்டும் என்று அவள் கை காட்டினாள்.