வெள்ளிச் சுவரில் மூச்சு

கறை முதலில் நகத்தளவுதான் இருந்தது. விமானத்தின் வால்பகுதியில், தொட்டி அறையின் வெள்ளிப் பூச்சுச் சுவரில், ஓர் ஆள் நின்றால் வாய் இருக்கும் உயரத்தில் அது கருத்துப் பரவியது; பிறகு சுருங்கி மறைந்தது. ஃபென்னா பார்த்துக்கொண்டிருந்தபோதே மறுபடியும் வந்தது. பனிக்காலத்தில் டிராம் சன்னலில் யாரோ முகத்தை ஒட்டி மூச்சு விடுவதைப்போல.

அந்தப் பூச்சை உருவாக்கியவளே அவள்தான். விமானத்தின் எரிபொருளான ஹைட்ரஜன் பட்டால் கருக்கும், விலகினால் பளபளக்கும். நிறமோ மணமோ இல்லாத வாயு எங்கே கசிகிறதென்று, மின்சாரம் எதுவும் இல்லாமல், வெறும் கண்ணுக்கே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் தொட்டியில் இப்போது ஹைட்ரஜனே இல்லை. காலையில்தான் காலிசெய்து நைட்ரஜன் விட்டு அலசியிருந்தார்கள். அவள் கையில் இருந்த கருவியும் பூஜ்யம் என்றது.

வெளியே கொட்டகையில், சோதனைத் தலைவன் ரூட்கர் சீஸ் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். திறந்த கதவுக்கு அப்பால் ஓடுபாதை மூடுபனியில் காணாமல் போயிருந்தது.

"வந்துட்டாங்கப்பா நம்ம பிரேக்கு," என்றான். "இன்னிக்கு என்ன சாக்கு?"

"உள்ள சுவர் கருக்குது. நாளைக்கு நாலு பேர் இதுல ஏறப்போறாங்க, ரூட்கர்."

"கருவி என்ன சொல்லுது?"

"பூஜ்யம்."

"அப்ப உன் பெயின்டுதான் கெட்டுப்போச்சு. அதையும் எங்க தலையில கட்டாத."

மெக்கானிக் வீபே அவள் முகத்தைப் பார்க்காமலே சிரித்தான். இந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் அவளிடம் இப்படித்தான். அவள் இரண்டு முறை சோதனையை நிறுத்தியதை யாரும் மன்னிக்கவில்லை; பிரேக்கு என்ற பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான்.

அவள் தனியாகத் தொட்டி அறைக்குத் திரும்பிப் போனாள். தொட்டியின் உலோகம் குளிரில் சுருங்கி எங்கோ டிக்கென்று சொடுக்கியது, குழாய்களிலிருந்து ரப்பரும் பழைய எண்ணெயும் கலந்த வாடை வந்தது, விளக்கு அவள் நிழலை நீட்டி வளைந்த சுவரில் ஏற்றி அவள் தலைக்கு மேலேயே மடித்துப் போட்டது. கசிந்த ஹைட்ரஜன் மேலே ஏறும். கூரைதான் முதலில் கருக்க வேண்டும். கூரை பளிச்சென்று இருந்தது. சுவரிலோ இப்போது ஒரு கறை அல்ல, ஏழெட்டு. ஒன்று அவள் உயரத்தில். ஒன்று அவளைவிட மேலே. ஒன்று மிகவும் கீழே, ஒரு குழந்தையின் உயரத்தில். ஒவ்வொன்றும் தன் தாளத்தில் வந்தது, போனது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கறைகள் எல்லாம் நின்றன.

எதுவோ காதுகொடுத்துக் கேட்பதுபோல இருந்தது. தாங்க முடியாமல் அவள் மூச்சை விட்டாள். அவையும் விட்டன. முன்பைவிட அருகில்.

அவள் தடுமாறி வெளியே வந்து விழுந்ததைப் பார்த்ததும் ரூட்கர் ரொட்டியை வைத்துவிட்டு எழுந்தான். "நானே போய்ப் பாக்குறேன். இன்னியோட இந்தக் கூத்து முடியட்டும்."

"ஸ்வெட்டரக் கழட்டிட்டுப் போ. கம்பளி பொறி விடும்."

"எதப் பத்தவைக்கும்? உன் கற்பனையையா?"

உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான். ஃபென்னா கதவிலிருந்த வட்டக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். அவன் சுவரை விரலால் சுண்டினான், தோளைக் குலுக்கினான். அவன் முதுகுக்குப் பின்னால் சுவர் கருத்தது. ஒரு கறை. பத்து. பிறகு எண்ண முடியவில்லை. நான்கு பக்கமிருந்தும் நகர்ந்து அவனைச் சுற்றிக் கூடின. அவள் கண்ணாடியை அறைந்தாள், பின்னால் பார் என்று கத்தினாள். அவன் தலைக்கருகே விரலைச் சுழற்றிக் காட்டினான். பிறகு அவளைக் கேலி செய்யவே, இதோ கழட்டுகிறேன் பார் என்பதுபோல, ஸ்வெட்டரைத் தலைவழியாக இழுத்தான்.

மொத்தென்று ஒரு சத்தம்.

தீ இல்லை. புகை இல்லை. ரூட்கரின் முடி மட்டும் சுருண்டு மறைந்தது. அவனைச் சுற்றிக் காற்று நடுங்கியது, கோடையில் தார்ச்சாலைமேல் நடுங்குவதுபோல. கண்ணுக்குத் தெரியாத நெருப்பு. கைகளை வீசினான். வாய் திறந்தது. விழுந்தான்.

வீபே ஓடிவந்து கதவுப் பிடியைப் பற்றினான்.

"திறக்காத. முதல்ல உள்ள நைட்ரஜன விட்டுத் தீய அணைக்கணும். வீபே, அங்க வேற—"

"ஆளு வெந்துக்கிட்டிருக்கான்டி. தள்ளு."

அவளை இடித்துத் தள்ளிவிட்டுத் திறந்தான். வெந்நீர் ஆவிபோல ஒரு வெக்கை வெளியே புரண்டு வந்தது. ரூட்கரின் கால்களைப் பிடித்து அவன் இழுத்தான். ஃபென்னா உள்ளே பார்த்தாள்.

சுவர் முழுக்க வெள்ளி. துடைத்து வைத்ததுபோல. ஒரு கறைகூட இல்லை.

கதவு அகலத் திறந்திருந்தது. வெளியே, கொட்டகைச் சுவர்களுக்கும் தூண்களுக்கும் விமானத்தின் வெளித்தோலுக்கும் சாதாரண வெள்ளை வண்ணம். எது வந்து மோதினாலும் அதில் தெரியாது.

வீபே தரையில் குனிந்து ரூட்கரின் பெயரைச் சொல்லிக்கொண்டேயிருந்தான். காற்று அசையவில்லை. ஃபென்னாவின் இடது கன்னத்தில், காதுக்குச் சற்றுக் கீழே, ஏதோ லேசாகப் பட்டது.

விலகியது.

மறுபடியும் பட்டது.