சிவப்பு ரிப்பன் கட்டிய எலிப்பெட்டி

சத்துணவில் போடும் முட்டையை லிஜி எப்போதும் கடைசியில்தான் தின்பாள். சோறெல்லாம் முடிந்த பிறகு, ஆற அமர, கொஞ்சம் கொஞ்சமாக. அந்தச் செவ்வாய்க்கிழமை சோறும் தீரவில்லை, முட்டையும் அப்படியே கிடந்தது. பின்னே எப்படி இறங்கும்? வகுப்பே வரிசையாக உட்கார்ந்து சாப்பிட, அவள் மட்டும் தூண் ஓரத்தில் தனியாக இருந்தாள். அவளாகப் போய் உட்காரவில்லை. உட்கார வைத்திருந்தார்கள்!

எல்லாம் ஸ்ரீஜித் தொடங்கி வைத்தது. அருவிக்கரையில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் முத்துநாயகத்தின் மகன் அவன். போன வாரம் அவர்களுடைய ஆறாம் வகுப்பில் நான்கு பேருக்கு வயிற்றுவலி. நர்ஸ் வந்து, வயிற்றில் புழு இருக்கலாம் என்று எல்லோருக்கும் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். முடிந்ததா?

"புழு எங்கேந்து வருதுன்னு எனக்குத் தெரியும்," என்றான் ஸ்ரீஜித். "எல்லாம் காட்டெலிகிட்டேந்து. காட்டுக்குப் பக்கத்துல கடைசி வீடு ஆருக்க வீடு? லிஜிக்க வீடு. அங்க எலி பாயில வந்து படுக்குமாம்!"

படுக்குமாம்! யார் வந்து பார்த்தது? எலி பாயில் படுத்தால் லிஜியின் அம்மா ரீத்தா சும்மா விடுவாளா? ஆனால் மறுநாளே சாப்பாட்டு வரிசையில் லிஜிக்கு இரண்டு பக்கமும் இடம் காலியானது. நேற்றுவரை தோளில் கை போட்டுக்கொண்டு வந்த தன்யாகூடத் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள்.

லிஜி நேராகப் பகவதி டீச்சரிடம் போய்ச் சொன்னாள். டீச்சர் நல்லவர்தான். ஆனால் வகுப்பில் சண்டை என்றால் அவருக்கு ஆகாது.

"வெள்ளிக்கிழமைவர அந்தத் தூண்கிட்ட இரி மக்களே. எலிய வச்சு ஆராய்ச்சி பண்ணுக பொண்ணு ஒருத்தி வந்திருக்கால்லா? அவ இங்க வந்து என்ன ஏதுன்னு சொல்லப் போறா. அதுவர வழக்கு வேண்டாம்."

"நான் என்ன தப்பு பண்ணுனேன் டீச்சர்?"

"தப்புன்னு ஆரு சொன்னா? நாலு நாளுதானே."

நாலு நாள்தானாம்! டீச்சர் ஒரே ஒரு நாள் அந்தத் தூணோரம் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்கட்டும் என்று லிஜிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே எறும்பு வேறு ஊரும்.

டீச்சர் சொன்ன அந்தப் பெண் அஸ்வதி. கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். இரணியலிலிருந்து வந்து, லிஜி வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ரப்பர் ஷீட் கொட்டகையில் மேசை போட்டிருந்தாள். காட்டில் இருக்கிற எலிக்கும் மனிதர் நடமாடும் இடத்தில் இருக்கிற எலிக்கும் வயிற்றுப் புழுவில் என்ன வித்தியாசம் என்று பார்ப்பது அவள் வேலை.

அதற்காக அறுபது கம்பிப் பெட்டிகள் வைத்திருந்தாள். காட்டோரப் பெட்டிகளுக்குச் சிவப்பு ரிப்பன். ரப்பர் தோட்டத்துக்கு வெள்ளை. அருவிக்கரைக் கடைகளின் பின்பக்கத்துக்கு நீலம். உள்ளே சுட்ட தேங்காய்த் துண்டு. மாட்டுகிற எலியை அவள் கொல்வதில்லை. பெட்டியடியில் தாள் விரித்து, விழுகிற புழுக்கையை மட்டும் சேர்த்துக்கொண்டு, எலியை அதன் இடத்திலேயே விட்டுவிடுவாள்.

"புழுக்கைய வச்சு என்ன செய்வீங்க எக்கா?" என்று முதல் நாளே கேட்டிருந்தாள் லிஜி.

"கெட்டியான உப்புத்தண்ணியில கலக்குவேன். புழுவுக்க முட்டை லேசு. மேல மிதந்து வரும். அத மைக்ரோஸ்கோப்புல பாப்பேன்."

"முட்டையா!" லிஜி முகத்தைச் சுளித்தாள். சத்துணவு முட்டையை நினைத்துக்கொண்டாள். இரண்டும் வேறு என்று தன்னையே சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

"பாக்கலாம். ஆனா எலியையும் தொடப்பிடாது, பெட்டியையும் தொடப்பிடாது. கண்ணு மட்டும்தான், கேட்டியா?"

புதன்கிழமை வரையில் லிஜிக்கு நிம்மதி. காட்டோரத்து எலிகளிடம் புழு முட்டை இல்லாமல் இல்லை. நாலு விதமாக இருந்தது. ஆனால் இங்கே ஒன்று, அங்கே ஒன்று, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலையில் வந்தது வினை. சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு பெட்டிக்குள் தடியன் எலி ஒன்று உட்கார்ந்திருந்தது. உருண்டு திரண்ட உடம்பு, அழுக்குச் சாம்பல் நிறம். லிஜி பார்த்த காட்டெலி எல்லாம் சின்னது, வயிறு வெள்ளையாக இருக்கும்.

"எக்கா, இது எங்க எலி இல்ல."

"உங்க எலி, எங்க எலின்னு உண்டா? எலி நெனச்ச எடத்துக்குப் போகும்."

அக்கா உப்புத்தண்ணீரில் கலக்கி, சற்று நேரம் வைத்திருந்து, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். எண்ணினாள். எண்ணிக்கொண்டே இருந்தாள். பிறகு லிஜியும் பார்த்தாள். பார்த்த இடமெல்லாம் முட்டை! சந்தைக்கூட்டம் மாதிரி இடித்துக்கொண்டு கிடந்தன.

"இத எழுதாதீங்க எக்கா! நாளைக்கு இதச் சொன்னா நான் வருசம் பூரா தூண்கிட்டதான் இருக்கணும்!"

"அது நடக்காது மக்களே. பிடிக்கல்லன்னு ஒண்ண விட்டேன்னா, நான் எழுதுன மத்ததையும் ஆரு நம்புவா? சிவப்பு ரிப்பன்னா காட்டோரம்னுதான் எழுதணும்."

லிஜிக்கு அக்கா மேல் கோபம். எலி மேல் அதைவிடக் கோபம். உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று பெட்டியை முறைத்தாள். அழுகை வரும்போல் இருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு இன்னொரு தடவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள்.

"இது என்ன முட்டை எக்கா? மினுங்குது. ஓரத்துல ரோஸ் கலரு."

அக்கா குனிந்து பார்த்தாள். "முட்டை இல்ல. ஏதோ கவருக்க துண்டு. எலி கரும்பித் தின்னிருக்கு."

"ஷாம்பு பாக்கெட்!" லிஜி கத்திய கத்தலில் எலி துள்ளியது.

அருவியில் குளிக்க வருகிறவர்கள் தலைக்குத் தேய்த்துவிட்டு வீசுகிற அதே ரோஸ் பாக்கெட். கடைகளுக்குப் பின்னால் உள்ள சரிவில், எச்சில் இலையோடும் சிப்ஸ் கவரோடும் சேர்ந்து மலையாகக் கிடக்கும்.

"எங்க காட்டுல ஆரு எக்கா ஷாம்பு போட்டுக் குளிக்கா?"

அக்கா மற்ற எலிகளுக்கு எடுத்து வைத்திருந்த கண்ணாடித் தகடுகளையும் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். நீல ரிப்பன் எலிகளில் அதே மினுமினுப்பு. சிவப்பு ரிப்பனில் வேறு எதிலும் அது இல்லை.

"செரிதான். ஆனாலும் அங்க தின்னுட்டு இங்க நடந்து வந்திருக்கலாமே?"

"எலி நடந்து வரும். பெட்டி நடந்து வராதில்லா? பெட்டிக்கு ரிப்பன் மட்டும்தானா அடையாளம்?"

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். கையுறையோடு பெட்டியைத் தூக்கி அடியில் பார்த்தாள். ஒன்று முதல் இருபதுவரை காட்டோரம். இதன் அடியில் எழுதியிருந்தது நாற்பத்தேழு.

"கடைக்குப் பின்னால வச்ச பெட்டி! ஆரோ தூக்கிட்டு வந்து ரிப்பன மாத்திக் கெட்டியிருக்கா!"

ரப்பர் பால் வாளியோடு உள்ளே வந்த லிஜியின் அப்பா சுந்தர்சிங் அப்படியே நின்றார். "காலத்தே பால் வெட்ட ஏறும்ப, முத்துநாயகத்துக்க மகன் சைக்கிளத் தள்ளிட்டு எறங்கிப் போனான். சிப்ஸ் குடுக்க வந்தான்னுல்லா நெனச்சேன்!"

அன்று லிஜி பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகவில்லை. ஓடினாள்.

"ஏலே ஸ்ரீஜித்! நாப்பத்தேழாம் பெட்டியச் சொமந்தியா?"

ஸ்ரீஜித்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "எந்தப் பெட்டி?"

"வாயத் தொறந்து பொய் சொன்னே, பாத்துக்க!"

அவன் சுவரோடு சாய்ந்து நின்று அழத் தொடங்கினான். "எங்க கடைக்குப் பின்னால புழுன்னு தெரிஞ்சா கடைய மூடச் சொல்லிருவாங்கல்லா? அந்த எக்கா வந்ததுலேந்து எனக்க அப்பா ஒறங்கவே இல்ல."

"அதுக்கு நான் தூண்கூடப் பேசிட்டு சோறு தின்னணுமா? நான் உனக்கு என்ன செஞ்சேன்? சொல்லு, என்ன செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல்ல," என்றான் அவன் மெதுவாக.

"எக்காகிட்ட நீயே போய்ச் சொல்லு. வகுப்புல ஆருகிட்டயும் நான் சொல்ல மாட்டேன். ஆனா எக்காகிட்ட நீ சொல்லணும்."

சாயங்காலம் அவன் கொட்டகைக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னான். அக்கா முழுவதும் கேட்டாள். பிறகு, "முதல்ல போய்க் கையச் சோப்புப் போட்டு மூணு தடவ கழுவு. எலிப்பெட்டி தூக்குன கைய்யில்லா?" என்றாள். அவன் ஐந்து தடவை கழுவினான்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன் அக்கா வகுப்புக்கு வந்தாள். பெட்டியை மாற்றியது யார் என்று சொல்லவில்லை. கண்டதை மட்டும் சொன்னாள்.

"காட்டோரத்து எலிக்கும் புழு உண்டு. பல விதம், ஆனா கொஞ்சம்தான். கடைக்குப் பின்னால உள்ள எலிக்கு ரெண்டே விதம், ஆனா எண்ணி முடியல்ல. அங்க தீனி ஒரே எடத்துல குவிஞ்சு கிடக்கு. எல்லா எலியும் அங்கயே தின்னு அங்கயே கழிக்குது. ஒண்ணுக்கு உள்ளது எல்லாத்துக்கும் வருது. அங்க கொண்டு கொட்டுனது எலி இல்ல."

"எங்களுக்கு வயித்துவலி வந்ததும் அதுனாலதானா?" என்று கேட்டாள் தன்யா.

"அத நான் பாக்கல்ல. பாக்காதத நான் சொல்ல மாட்டேன். லிஜிக்க வீட்டைச் சொன்னீங்களே, நீங்க பாத்தீங்களா?"

தன்யா லிஜியைத் திரும்பிப் பார்த்தாள். பகவதி டீச்சர் எழுந்து வந்தார். எல்லோரும் கேட்கவே, "நான் உன்ன அங்க இருத்துனது தப்பு மக்களே," என்றார். லிஜி தலையை ஆட்டினாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்று விடக்கூடியதா அது!

மணி அடித்தது. லிஜி தட்டோடு வந்தபோது வரிசையில் அவளுக்கு இடம் இருந்தது. தன்யா கையைக் காட்டிக் கூப்பிட்டாள். ஆனால் ஸ்ரீஜித் உட்கார்ந்ததும் அவன் பக்கத்துப் பையன்கள் நகர்ந்தார்கள். அவர்களுக்கு அடுத்தவர்களும் நகர்ந்தார்கள். ஸ்ரீஜித் தட்டை எடுத்துக்கொண்டு தூணோரம் போய் உட்கார்ந்தான்.

நன்றாக வேண்டும் என்றுதான் லிஜிக்கு முதலில் தோன்றியது. ஒரு நொடி, சரியாக ஒரே நொடி. அடுத்த நொடியே அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"ஏலே! ஏட்டி! ஆரும் நகரப்பிடாது! அவன்கிட்டேந்து புழு சாடி வருமா? நேத்துவர அவனுக்க கடை சிப்ஸ ஓசியில வாங்கித் தின்னது ஆரு? நீங்கதானே!"

நகர்ந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். லிஜி தன் தட்டைக் கொண்டுபோய்த் தூணோரம் 'டங்' என்று வைத்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தன்யா வந்தாள். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். வரிசையே வளைந்து தூணைச் சுற்றிக்கொண்டது.

"அப்பா இன்னைக்குக் கடை தொறக்கல்ல," என்றான் ஸ்ரீஜித், தட்டைப் பார்த்துக்கொண்டே. "பின்னால கிடக்கதை அள்ளிட்டிருக்காரு. நான் வரும்பவே பதினோரு சாக்கு ஆச்சு." பிறகு தயங்கிக் கேட்டான். "ஒனக்குக் கோபம் போச்சா?"

"போகல்ல. கொஞ்சங்கூடப் போகல்ல. நாளைக்கும் இருக்கும்."

"பின்னே எதுக்கு இங்க வந்து இருக்கே?"

"அது வேற, இது வேற. தள்ளி இரி, அங்க எறும்பு கடிக்கும்."

அன்றைக்கு லிஜி முட்டையைக் கடைசிவரை வைக்கவில்லை. முதல் வாயே அதுதான்.