நெர்கலுக்கு ஒரு நாற்காலி

கூடத்துப் பிரம்பு நாற்காலி திரும்பியிருந்தது. காலையில் பிரிஜெட் அதை ஜன்னலைப் பார்த்துத்தான் போட்டிருந்தாள். இப்போது உச்சிவெயிலில், வா, உட்கார் என்பதுபோல் அவளைப் பார்த்து நின்றது.

அவள் உட்காரவில்லை.

உள்ளே கிளாரன்ஸ் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தான். சண்டை மூண்டதும் ஈராக்கிலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு ஓடிவந்த கணவன். ஈராக்கில் கட்டட வேலைக்குத் தோண்டிய பள்ளத்தில், ஒரு நடுப்பகலில், யாரோ ஒருவர் அவனுக்கு உட்காரக் கல்லும் தின்ன ரொட்டியும் கால் கழுவத் தண்ணீரும் கொடுத்தாராம். அதைக் கேட்ட உள்ளூர் மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டாராம். கொடுத்தவன் நெர்கல், பாதாளத்தின் பழைய ராஜா, உச்சிவெயில் அவனுடையது. எந்த வீட்டில் உட்கார்ந்து, தின்று, கால் கழுவினாலும் அந்த வீட்டோடு கட்டுப்பட வேண்டியதுதான். அவனே ஒரு காலத்தில் அப்படித்தான் பாதாளத்தில் சிக்கினான் என்றாராம்.

டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். தினமும் உச்சிப்பொழுதில் காய்ச்சல் ஏறும். இன்று மூச்சே இழுத்தது.

தெருவில் காய்கறிக்காரியின் கூவல் பாதியில் நின்றது, ஓட்டுக்கடியில் கீச்சிட்ட குருவிகள் அடங்கின, பூட்டிய கூடத்துக்குள் புதிதாய்த் தோண்டிய மண்ணின் வாசனையும் சுட்ட ரொட்டியின் வாசனையும் சேர்ந்து வந்தன. நாற்காலிக்குப் பின்னால் காற்று கொதித்தது. யாரோ நின்றிருந்தார்கள்.

பிரிஜெட்டுக்குப் பயம்தான். ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகம். ஜெபமாலையைத் தேடாமல் நேரே சமையலறைக்குப் போனாள். தட்டில் ரொட்டி. பேசினில் தண்ணீர். இரண்டையும் கொண்டுவந்து வைத்தாள். நாற்காலியைச் சரேலென்று எதிர்ப்பக்கம், பின்னால் நின்றவனைப் பார்க்கத் திருப்பினாள்.

"என் புருஷன உன் வீட்டுல உக்கார வச்சல்ல? இது என் வீடு. இங்க நாற்காலி நான்தான் போடுவேன். உக்காரு."



தண்ணீர் சலசலத்தது.

ரொட்டி குறைந்தது.

பிரம்பு முனகியது. குழிந்தது.

உள்ளே மூச்சு சீரானது. கொஞ்ச நேரத்தில் தெளிந்த குரல் வந்தது. "பிரிஜெட், பசிக்குது."

அவள் அழுதாள், சிரித்தாள். கஞ்சி ஊட்டினாள். காய்ச்சல் சுத்தமாக இறங்கியிருந்தது.

"கூடத்துல யாரு?" என்றான் அவன்.

"விருந்தாளி. நான் பாத்துக்கறேன்."

மாலைக் கோயில் மணி அடித்தது. தெருவிளக்குகள் எரிந்தன. பிரிஜெட் கூடத்துக்கு வந்து நாற்காலியின் எதிரே கைகட்டி நின்றாள். ஜன்னலுக்கு வெளியே நல்ல இருட்டு. தரையில் மட்டும் உச்சிவெயில் அப்படியே கிடந்தது. அதில் நாற்காலியின் நிழல். நான்கு கால்கள். அவற்றின் நடுவே, இன்னும் ஈரம் காயாத இரண்டு பாதங்கள்.