முதல் மீட்டலிலேயே கரகரப்பு

"கூட்டுறப்ப நீதான் இடிச்சிருக்கே, வேற யாரு—"

"நான் அந்த அறைப்பக்கமே போறதில்லன்னு எத்தனை தடவ—"

"அப்ப தானா கெட்டுச்சா?"

குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு முதலில் நுழைந்தன. ஆட்கள், ஒரு கணவனும் மனைவியும், பிறகுதான் வந்தார்கள். மலேசியாவில், லாயாங் லாயாங் ரயில் நிலையத்துக்கு எதிரே ருக்னுதீனின் ரேடியோ பழுதுபார்க்கும் கடை. ரசீது எழுதிக்கொண்டிருந்த அவர் மனைவி ஜொஹரா பேனாவை மூடினாள். கணவர் முதல் திருகைக் கழற்றுவதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுவது அவள் வழக்கம். பெரும்பாலும் தப்பான ஆளைத்தான்.

திருச்செல்வம் தோளில் தொங்கிய கிட்டாரையும் ஒரு மரப்பெட்டியையும் மேசையில் இறக்கினான். பெட்டி, கிட்டாருக்காகப் பழைய ரேடியோச் சாமான்களை வைத்து அவனே கட்டிய வால்வு ஆம்ப்ளிஃபயர். தினமும் இருட்டோடு மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவன். வந்ததும் பெட்டியைப் போட்டு, உள்ளே கண்ணாடி வால்வு சிவந்ததும் கிட்டார் தந்தியைத் தொட்டால், முதல் மீட்டலிலேயே ஒலி உடைகிறதாம். மனைவி ஷாமளாவுக்கு இந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாதாம். அதனால் சிங்கப்பூர் எல்லையில், ஜே.பி. என்கிற ஜொகூர் பாருவில் கூட்டாளிகளோடு அறை எடுத்து, பெட்டியோடு அங்கேயே தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரப்போகிறானாம். அவன் அதைச் சொன்னபோது ஷாமளா வெளியே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜொஹரா அதைக் கவனித்தாள்.

ருக்னுதீன் கிட்டாரை மாட்டிப் பெட்டியைப் போட்டு, சற்றுப் பொறுத்துத் தந்தியைத் தட்டினார். ஒலி மணிமணியாக வந்தது.

"அலமாக், வீட்டுல இப்படி இல்லண்ணே," என்று திகைத்தான் திருச்செல்வம்.

"வீட்டுக் கரண்டு சரியில்லங்க," என்றாள் ஜொஹரா. "இல்லன்னா உள்ள பல்லி."

ருக்னுதீன் ஞாயிற்றுக்கிழமை எப்படி என்று விசாரித்தார். அன்று காலையில் போட்டதும் நன்றாக இருக்கும், அரை மணி போனால்தான் கெடும் என்றான் திருச்செல்வம்.

"அதே கரண்டுதான் ஞாயித்துக்கிழமையும் வருது. பல்லியும் லீவு எடுக்காது," என்றார் ருக்னுதீன்.

பெட்டியை அணைக்காமலே தேநீர் வரவழைத்தார். எல்லாரும் குடித்து, குவளைகள் ஆறிய பிறகு மறுபடி தந்தியைத் தட்டினார். ஒலி கிழிந்துகொண்டு வந்தது. மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு கெப்பாசிட்டரைக் காட்டினார். வயதான பொருள், சூடேறினால் மின்சாரம் கசிகிறது, அந்தக் கசிவில் வால்வு தடுமாறுகிறது. இடித்ததால் வந்த கோளாறு இல்லை.

திருச்செல்வம் பெருமூச்சு விட்டான். ஜொஹரா விடவில்லை.

"சூடானாத்தானே கெடுது? அப்ப வேலை நாள்ல முதல் மீட்டலிலேயே எப்படிங்க?"

ருக்னுதீன் மீட்டரைக் கீழே வைத்தார். அந்தக் கேள்வியை அவர் வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தார் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"தம்பி, பெட்டி வெயில் படுற இடத்துல இருக்கா?"

"ஜன்னலே இல்லாத அறைண்ணே."

"வீட்டுல வேற யாரு?"

"நாங்க ரெண்டு பேருதான்."

"வந்ததும் பெட்டி மேல கை வெச்சுப் பாத்தீங்களா?"

"இல்லண்ணே. எதுக்கு?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே அது ரொம்ப நேரமா ஓடியிருக்கு."

திருச்செல்வம் திரும்பினான். ஷாமளா தண்டவாளத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கிட்டாரத் தொடலண்ணே. பெட்டிய மட்டும் போட்டுவிடுவேன். லேசா இரையும்ல, உள்ள ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். நான் பாட்டுக்கு சமைச்சுக்கிட்டு இருப்பேன். மோட்டார் சத்தம் கேட்டதும் அடைச்சிடுவேன். தொட்டா திட்டுவாங்கன்னு சொல்லல."

ருக்னுதீன் புதுக் கெப்பாசிட்டரை எடுத்துப் பற்றவைக்கத் தொடங்கினார். இந்தத் தடவை ஜொஹராவிடம் பிடித்துக் கொடுக்க ஆள் இல்லை. திருச்செல்வம் பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தான். ஷாமளாதான் பேசினாள்.

"ஜே.பி.க்குப் போறதுன்னா போங்க. பெட்டிய மட்டும் விட்டுட்டுப் போறீங்களா?"