பீர்க்கன்கரணைக் கைக்கடிகாரம்

முனியம்மா மாடிப்படி ஏறி வந்த அந்தச் சனிக்கிழமை, ஞானஜோதியின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் காலை வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. ஆனால் முனியம்மா தேடி வந்தது தடுப்புக்கு அந்தப் பக்கம் மேசை போட்டிருந்த வேதசிரோமணியை. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் தீ விபத்து, திருட்டு என்று விசாரித்துச் சொல்வது அவர் வேலை. அவர் வெளியே கிளம்பினால் ஞானஜோதியும் நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பிவிடுவாள். அவர் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை.

முனியம்மா பீர்க்கன்கரணையில் சம்பத் வீட்டில் வேலை செய்பவள். சம்பத் பழைய கைக்கடிகாரங்களைச் சேர்க்கிறவர். வியாழக்கிழமை மதியம் அவருடைய பீரோவிலிருந்து ஒரு வாட்ச் காணாமல் போயிருந்தது. வெள்ளிக்கிழமை அவர் முனியம்மாவின் தெருவுக்கே வந்து, பத்துப் பேர் பார்க்கக் கத்திவிட்டுப் போனார். இன்று மாலை ஆறு மணிக்குள் வாட்ச் வராவிட்டால் போலீஸில் எழுதிக் கொடுப்பாராம்.

"திங்கக்கெழமை மறைமலை நகர்ல கம்பெனி கேன்டீன் வேலைக்குச் சேரணும் சார். போலீஸ் கேஸுன்னு தெரிஞ்சா உள்ள வுடுவாங்களா? அது ஓடாத வாட்ச்சு சார். தூசி தட்டும்போது பார்த்தேன், அவ்ளோதான்."

வேதசிரோமணி சட்டையை மாட்டிக்கொண்டார். ஞானஜோதியும் முனியம்மாவும் அவரோடு கிளம்பினார்கள்.

சம்பத் அவர்களை மரியாதையாகவே வரவேற்று, வாசல் திண்ணையில் உட்காரவைத்துப் பேசினார். அது எழுபதுகளில் வந்த ஸ்விஸ் வாட்ச். முகப்பில் மூன்று சின்ன வட்டங்கள், பக்கவாட்டில் ஓட்டப்பந்தய நேரம் கணிக்க இரண்டு பொத்தான்கள். செவ்வாய்க்கிழமை பம்பாயிலிருந்து பேட்டரி இல்லாமல் பார்சலில் வந்தது. வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பொருத்தமான பேட்டரி தேடிப் பிடித்து வியாழன் இரண்டு மணிக்குத்தான் போட்டார். ஓடியது. பீரோவில் வைத்துவிட்டு, ஸ்ட்ராப் வாங்கத் தாம்பரம் போய் ஐந்து மணிக்குத் திரும்பினால் வாட்ச் இல்லை.

"இது டிக் டிக்னு அடிக்காது சார்," என்றார் சம்பத். இழப்பை மறந்து முகம் மலர்ந்தது. "எலக்ட்ரானிக். உள்ளே குட்டியா ஒரு இசைக்கவை அதிர்ந்துகிட்டே இருக்கும். காதோடு ஒட்டி வச்சா வண்டு மாதிரி ஒரு சத்தம்."

"பேட்டரி போட்டதை யார்கிட்டயாவது சொன்னீங்களா? இந்தச் சத்தத்தைப் பத்தி?"

"யார்கிட்ட சொல்றது? வாட்ச்னு வாயைத் திறந்தாலே என் வீட்டம்மா எழுந்து போயிடுவா."

அந்த மூன்று மணி நேரம் வீட்டில் இருந்தவர்கள் மூவர்: முனியம்மா, சம்பத்தின் மனைவி கிளியம்மாள், மாடியில் குடியிருக்கும் குப்புராஜ். குப்புராஜ் பேப்பரைத் திருப்பிக் கொடுக்க இறங்கி வந்து, ஹாலில் தனியாக ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்ததாக ஒப்புக்கொண்டான். பீரோவைத் தொடவில்லை என்றான். டிக் டிக்கென்று அடிக்கிற சாமானைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு யாராவது ஹாலில் உட்காருவார்களா என்று கேட்டுச் சிரித்தான். ஞானஜோதிக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை. அவன் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

கிளியம்மாள் காப்பி கொண்டுவந்தாள். அவள் ஞானஜோதியின் மாணவி. வியாழன் காலைதான் டைப்ரைட்டிங் லோயர் தேர்வில் முதல் வகுப்பு என்று தெரிந்து, ரிசல்ட் தாளை இரண்டு கையாலும் பிடித்தபடி வீட்டுக்கு ஓடியிருந்தாள். "சார்கிட்ட காட்டினீங்களா?" என்று ஞானஜோதி கேட்டாள். கிளியம்மாள் டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

வேதசிரோமணி முனியம்மாவைப் பற்றிக் கேட்டார். கிளியம்மாள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அவ எடுத்திருக்க மாட்டா சார். முனகிக்கிட்டே கிடக்கிற அந்த வாட்ச்சை வச்சுக்கிட்டு அவ என்ன பண்ணப் போறா?"

வேதசிரோமணி காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு எல்லோரையும் ஹாலுக்கு அழைத்தார்.

"முனியம்மாவுக்கு அது ஓடாத வாட்ச். பேட்டரி போட்டபிறகு அதை அவங்க பார்க்கவே இல்லை. குப்புராஜுக்கு அது டிக் டிக்குனு அடிக்கிற வாட்ச். அதை அவர் காதுல வச்சதே இல்லை. வியாழன் இரண்டு மணிக்கு மேல அதைக் கையில எடுத்தவங்களுக்குத்தான் அது முனகும்னு தெரியும்."

அவர் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. ஞானஜோதியின் பேனா நின்றுவிட்டது. குப்புராஜை நினைத்து வெட்கமாக இருந்தது. தன் மாணவியைப் பார்க்கவும் முடியவில்லை.

கிளியம்மாள் எழுந்து உள்ளே போனாள். தையல் மெஷின் டிராயர் திறக்கும் சத்தம் கேட்டது. வாட்ச்சைக் கொண்டுவந்து கணவர் முன் வைத்தாள்.

"மூணு தடவை எழுதி பாஸ் பண்ணேன். காட்ட வந்தேன். நீங்க கண்ணுல மாட்டின லென்ஸை எடுக்காமலே 'அப்புறம்'னீங்க. ஒரு சாயந்தரம் இதைத் தேடட்டும்னுதான் எடுத்தேன். நீங்க முனியம்மா தெருவுல போய்க் கத்துவீங்கன்னு நினைக்கல. அப்புறம் சொல்ல பயமாயிடுச்சு."

சம்பத் வாட்ச்சைத் தொடவில்லை. மனைவியைப் பார்த்தார். பிறகு முனியம்மாவிடம் திரும்பி, தப்பு செய்துவிட்டதாகத் தட்டுத் தடுமாறிச் சொன்னார்.

முனியம்மா மறுத்துத் தலையை ஆட்டினாள். "இங்க சொன்னா யாருக்குக் கேக்கும் சார்? எங்க தெருவுல வந்து சொல்லுங்க. அங்கதான கத்தினீங்க."

சம்பத் செருப்பை மாட்டினார். கிளியம்மாள் அவருக்கு முன்னால் வாசல் இறங்கியிருந்தாள். ஏரிக்கரை ஓரமாக ஐந்து பேரும் நடந்தார்கள். வழியில் சம்பத் தயங்கித் தயங்கி, நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை அடிப்பாய் என்று மனைவியிடம் கேட்டார். அவள் சொன்னாள். அவர் நம்பாமல் ஞானஜோதியைப் பார்த்தார். உண்மைதான் என்றாள் ஞானஜோதி.

முனியம்மாவின் தெருக் குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். சம்பத் தொண்டையைச் செருமி, "அது வந்து..." என்று இழுத்தார். கிளியம்மாள் அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, தெருக்கோடி வரை கேட்கிற குரலில் சொன்னாள்:

"வாட்ச்சை எடுத்தது நான்தான். முனியம்மா எதையும் தொடல."