எரித்ததாக ஒரு கையெழுத்து

பதினோரு நாளாக ஜொகூர் பாருவில் மழை விடவில்லை. சுவரைத் தொட்டால் கை நனைந்தது, தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் உதிர்ந்தது, மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றவே நாலைந்து குச்சி செலவாயிற்று. அப்படிப்பட்ட வீட்டுக்குள் புதன்கிழமை காலையில் எதுவோ தீயும் வாடை வந்தது. அடுப்பில் சோறு தீய்ந்த வாடை இல்லை, விறகும் இல்லை, துணியும் இல்லை. அமலதாஸ் மூக்கை நீட்டிக்கொண்டு அறை அறையாக நடந்தார். எந்த அறைக்குப் போனாலும் அது அடுத்த அறையில் இருந்தது.

"உனக்கு ஏதாச்சும் வாடை வருதா?"

"இல்லீங்களே" என்றாள் டொரத்தி. அவர் மனைவி. ஜன்னலோரம் உட்கார்ந்து, தொட்டியில் வைத்த செடியின் தடித்த இலைகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ பாட்டு ஓடியது. அவள் பாடிக் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்ததால் அவர் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை.

அந்தச் செடி அங்கே இருக்கக் கூடாது.

அமலதாஸ் செடிச் சோதனைக் கொட்டகையில் கிராணி, எழுத்து வேலை பார்க்கிற குமாஸ்தா. வெளிநாட்டிலிருந்து உயிரோடு வருகிற எந்தச் செடியும் அவர் மேசையைத் தாண்டித்தான் ஜொகூர் மண்ணைத் தொட வேண்டும். கப்பல் ஏறும் முன்பே வாங்கிய பர்மிட் வேண்டும், அனுப்பிய ஊரில் கொடுத்த நோயில்லாச் சான்று வேண்டும், வேரில் ஒரு பிடி மண்கூட ஒட்டியிருக்கக் கூடாது. ஒன்று குறைந்தாலும் செடி கொட்டகைக்குப் பின்னாலிருந்த செங்கல் உலைக்குப் போகும். 'என் கண்ணெதிரே எரிக்கப்பட்டது' என்கிற அச்சுப் பாரத்தில் கிராணி கையெழுத்துப் போடுவார், பியூன் வீரமுத்து கைநாட்டு வைப்பான். அடைமழைக் காலத்தில் உலை பற்றாது. அதனால் பாரத்தை அன்றன்றே அனுப்பிவிட்டு, செடியைச் சாக்கில் கட்டிவைத்து, வெயில் வந்ததும் எரிப்பார்கள். எல்லாக் கிராணிகளும் செய்கிறதுதான், இதில் என்ன தப்பு என்று அவரும் இருந்துவிட்டார்.

இந்தச் செடியின் சான்றில் ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பர்மிட் வாங்கிய தோட்டத்துத் துரையோ சீமைக்குத் திரும்பிவிட்டார். எரிக்க வேண்டியதுதான் என்று அமலதாஸ் கையெழுத்துப் போட்டார், பாரமும் தபாலில் போயிற்று. அன்று மதியம் சோறு கொண்டுவந்த டொரத்தி சாக்கைப் பிரித்துப் பார்த்தாள். செப்டம்பரில் பிறந்து நாலாம் நாள் போய்விட்ட குழந்தைக்குப் பிறகு, அவள் ஆசையாக ஒன்றைத் தொட்டது அன்றைக்குத்தான்.

"உசுரோட இருக்கிறத எரிச்சிருவீங்களா?"

அமலதாஸ் சாக்கை மறுபடி கட்டினார். சாக்கோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வீரமுத்துவிடம், "ஞாயித்துக்கிழமை நானே எரிச்சிட்டேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமையும் மழைதான் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. "சரிங்க ஐயா" என்றான் வீரமுத்து. ஆனால் பார்த்த பார்வை சரியில்லை. ரப்பர் விலை விழுந்து, கப்பல் கப்பலாக ஆட்களை நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது. கிராணியையும் அதில் ஏற்றிவிட ஒரு மொட்டைக் கடிதாசி போதும்.

வியாழக்கிழமை ஜன்னல் கட்டையில் சாம்பல் கிடந்தது. வெள்ளிக்கிழமை டொரத்தியின் தலையணையில் கிடந்தது. மெல்லியதாக, வெளுப்பாக, ஊதினால் பறக்கிற சாம்பல். இது வீரமுத்துவின் வேலைதான் என்று அமலதாஸ் முடிவு கட்டினார். சந்து வழியாக வருகிறான், தூவுகிறான், எனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டுகிறான். சனிக்கிழமை வேலைக்குப் போகாமல் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு மதியம்வரை உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை. வாசல் சேற்றில் ஒரு காலடிகூட இல்லை. எழுந்து போய்ப் பார்த்தால் தலையணையில் புதுச் சாம்பல்.

குடைகூட எடுக்காமல் கொட்டகைக்குப் போனார்.

"டேய் வீரமுத்து, என் வீட்டுப் பக்கம் எதுக்குடா வர்ற?"

"நானா? அலமாக்! நான் ஏன் ஐயா வர்றேன்? நானே உங்களக் கேக்கணும்னு இருந்தேன். உலைய யாரு பத்த வைக்கிறாங்க? மூணு நாளா காலைல வந்து பாத்தா சுடுது. நான் விறகு வைக்கல. ஒண்ணுமே வைக்கல."

"பொய் சொல்ற."

"வந்து பாருங்க."

கிட்டே போகும்போதே சத்தம் கேட்டது. செங்கல்லில் விழுந்த மழை சீறி ஆவியாகிக்கொண்டிருந்தது. வீரமுத்து சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு இரும்புக் கதவைத் திறந்தான். நெருப்பு இல்லை. விறகு இல்லை. நடுவில் ஒரு கைப்பிடிச் சாம்பல். அதற்குள் ஏதோ மின்னியது. குச்சியால் இழுத்தார். பாதி உருகிய மாதா பதக்கம். கல்யாணத்துக்காக அவரே சிங்கப்பூரில் வாங்கியது.

"இது அம்மா கழுத்துல போட்டிருக்கிறதில்ல?" என்றான் வீரமுத்து. அவன் முகத்தில் கள்ளம் தேடினார் அமலதாஸ். இல்லை. அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

"ஐயா, நம்ம ஆபீஸ் தொரைகிட்ட உண்மையச் சொல்லிருங்க. எரிக்காதத எரிச்சதா எழுதிட்டோம், அந்த எரிப்பு இப்ப அம்மா மேல எறங்குது. பாரத்தத் திருப்பி வாங்கிரலாம். நானும் வந்து சொல்றேன். போலாம், வாங்க."

பாதை பிரிகிற இடம்வரை இருவரும் ஓடினார்கள். மழை இருட்டில், மேட்டில் ஆபீஸ் துரை பங்களாவின் விளக்கு தெரிந்தது. பள்ளத்தில் அவர் வீடு. சொன்னால் வேலை போகும். வேலை போனால் கப்பல். செடியை எரித்துவிட்டால் போதாதா? எரித்துவிட்டால் கையெழுத்து பொய்யில்லையே. யாரிடமும் போக வேண்டாமே.

"ஐயா, அந்தப் பக்கம் இல்ல!" என்று வீரமுத்து கத்தினான். அமலதாஸ் பள்ளத்தில் இறங்கிவிட்டார்.

டொரத்தி கட்டிலில் படுத்திருந்தாள். கழுத்தில் சங்கிலி இருந்தது. பதக்கம் இல்லை. அது கிடந்த இடத்தில், அதே அளவுக்கு, தோல் வட்டமாகக் கருகியிருந்தது.

"வலிக்குதா?"

"எதுங்க? கொஞ்சம் வேர்க்குது, அவ்வளவுதான்."

தொட்டியிலிருந்து செடியைப் பிடுங்கினார். அடுப்பில் போட்டார். டின்னில் இருந்த மண்ணெண்ணெய் முழுவதையும் கவிழ்த்தார். முதல் குச்சியே பற்றியது.

தீ கூரைவரை எழுந்தது. இலை வாடவில்லை. இலைமேல் நின்ற நீர்த்துளிகூடக் காயவில்லை. அடுப்புக் கல்லைத் தொட்டார். ஈரம். தீக்குள் கையை விட்டார்.

குளிர்ந்தது.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. வாடை வந்தது. இப்போது எந்த அறை என்று தெரிந்தது.

குடத்துத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினார். அணையவில்லை. செடியை வெளியே இழுத்தார். வரவில்லை. கல்லுக்குள் வேர் இறங்கியிருந்தது.

ஓடினார்.

டொரத்தி எழுந்து உட்கார்ந்திருந்தாள். தீ இல்லை. புகை இல்லை. சேலைகூடக் கருகவில்லை. பாதத்திலிருந்து மேலே, சத்தமில்லாமல், அவள் சாம்பலாக வெளுத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு விரலும் விரலாகவே இருந்து, பிறகு பாயில் உதிர்ந்தது.

"டொரத்தி!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஏன் அழுகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை.

"என்னங்க, இப்படி நனைஞ்சிட்டு வந்திருக்கீங்க" என்றாள். கையை நீட்டி அவர் முகத்தைத் துடைத்தாள். கையை எடுத்தபோது ஐந்து விரல்களும் அவர் கன்னத்திலேயே தங்கிவிட்டன.