வலது பக்கத்து ஜன்னல்

பக்கத்துத் தீவிலுள்ள மாயாபந்தருக்குப் போகிற கப்பலில் இடம் பிடிப்பதில் நீலாவதியை மிஞ்ச ஆள் கிடையாது. மேல்தளத்தில் யார் முதலில் போர்வையை விரிக்கிறார்களோ, இடம் அவர்களுக்கு. கும்பலுக்குள் புகுந்து, காற்று வரும் மூலையாகப் பார்த்துப் போர்வையை விரித்து, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அம்மாவும் அப்பாவும் மூட்டைகளோடு மெதுவாக ஆடி அசைந்து வந்து சேர்வார்கள்.

இன்று நீலா முதல்முறையாக விமானம் ஏறுகிறாள். சென்னையில் அத்தை வீட்டில் தங்கி ஆறாம் வகுப்பு படிக்கப் போகிறாள். வைஜெயந்தி அத்தையே நேரில் வந்து அழைத்துப் போகிறார். அடுத்த லீவுக்கு ஒரு வருஷம் இருக்கிறது.

அப்பா தேவேந்திரன் வண்டூர் படகுத்துறையில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர். "பிளேன் நம்ம ஜெட்டிப் பக்கமாத்தானே போகும்? நானும் அம்மாவும் தம்பியும் படகு மேல நிக்கிறோம். நீலத் தார்ப்பாயை விரிச்சு வைக்கிறேன், பாரு" என்றார்.

"நீலக் கடல்ல நீலத் தார்ப்பாய் எப்படிப்பா தெரியும்? லைஃப் ஜாக்கெட் எல்லாத்தையும் விரிங்க. அதுதான் ஆரஞ்சு."

அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "ஆமால்ல" என்றார்.

நீலா இன்னொன்றும் கவனித்து வைத்திருந்தாள். வண்டூர் பக்கம் வரும் விமானம் தினமும் வலது புறமாகச் சாய்ந்துதான் திரும்பும். ஆகவே வலது பக்கத்து ஜன்னல் வேண்டும், அதுவும் இறக்கை மறைக்காத இடத்தில். மூன்று பேரையும் இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும். அதற்குமேல் அவள் எதையும் கேட்கவில்லை.

விமானத்தின் படியேறியதும் நீலா ஒரே ஓட்டமாக உள்ளே ஓடினாள். "நில்லுடி" என்று அத்தை கூப்பிட்டது காதிலேயே விழவில்லை. இறக்கைக்குப் பின்னால், வலது பக்கம், மூன்று காலி இருக்கைகள். பையிலிருந்து போர்வையை உருவி, மூன்றின் மேலும் விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தே, இடம் போட்டாச்சு. ஜல்தி வாங்க."

பக்கத்து வரிசையில் யாரோ சிரித்தார்கள். விமானப் பணிப்பெண் குனிந்து, "பேட்டா, போர்டிங் பாஸ் காட்டு. அதிலே சீட் நம்பர் இருக்கும்" என்றாள்.

நம்பர் இருந்தது. அது அதே வலது பக்கம், நான்கு வரிசை பின்னால், நடு இருக்கை. நீலாவின் முகம் தொங்கிப்போனது. போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். மூச்சு வாங்க வந்து சேர்ந்த அத்தை, "கப்பல்னு நெனச்சியாடி?" என்று கேட்டு, நடைபாதை ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

அந்த வரிசையின் ஜன்னலோரம் ஒரு பெரிய அம்மாள் இருந்தார். ஜன்னலின் மறைப்பை அடிவரை இறக்கிவிட்டிருந்தார்.

"பெரியம்மா, அதைக் கொஞ்சம் தூக்கலாமா?"

"வேணாம் தாயி."

அதற்குமேல் எப்படிக் கேட்பது? நீலாவுக்கு அழுகை முட்டியது. அந்த அம்மாள் மேல் கோபமாகவும் வந்தது. ஜன்னலை வாங்கிக்கொண்டு அதை மூடி வைப்பார்களா?

பணிப்பெண் மறுபடி வந்தாள். "மாஜி, பிளேன் கிளம்பும்போது இது திறந்திருக்கணும்" என்று மறைப்பை மேலே தள்ளிவிட்டுப் போனாள். உடனே அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். நீலாவின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"பிளேன்னா பயமா, பெரியம்மா?"

"பிளேனுக்கு இல்ல, தாயி. அந்தச் சுனாமி அலை வந்ததுலருந்து கடலைப் பாத்தா நெஞ்சு அடைச்சிக்குது. ஆறு வருசமா எங்க ஊரு குட்வில் எஸ்டேட்டை விட்டு ஜெட்டிப் பக்கமே போனதில்ல. டிக்கெட் போட்டவங்க இங்க உக்கார வச்சுட்டாங்க."

நீலா கொஞ்சம் யோசித்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க என் இடத்துக்கு வாங்க. நான் ஜன்னலை அடைச்ச மாதிரி உக்காந்துக்கிறேன். தண்ணி உங்க கண்ணுக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு, உங்களுக்காக மட்டும் கேக்கலை. கீழ எங்க அப்பா, அம்மா, தம்பி நிப்பாங்க. எனக்கு அவங்களைப் பாக்கணும்."

அந்த அம்மாள் முந்தானையை விலக்கி அவளைப் பார்த்தார். "பொய் சொல்லத் தெரியல உனக்கு" என்று எழுந்து இடம் மாறினார். தன் பெயர் ஒச்சம்மா என்றும் சொன்னார்.

விமானம் ஓடியது, எழும்பியது. ஒச்சம்மா கண்ணை இறுக மூடி, நீலாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். நீலா நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டினாள். தலைக்குமேல் இருந்த இடைவெளியை வலது கையால் மறைத்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே.

தென்னை மரங்கள் சிறுத்தன. விமானம் வலது புறம் சாய்ந்தது. ஜன்னல் முழுக்கக் கடல். ஜெட்டி எங்கே? படகு எங்கே?

"தெரியுதா, தாயி?"

"இன்னும் இல்ல." அவள் கண்ணைச் சுருக்கித் தேடினாள். பிறகு, "இருக்கு பெரியம்மா, இருக்கு" என்றாள். "ஆரஞ்சு தெரியுது. படகு முழுக்க ஆரஞ்சு. பக்கத்துல மூணு புள்ளி. இல்ல, ரெண்டு. தம்பியை அம்மா தூக்கி வச்சிருப்பாங்க."

"அப்புறம் என்ன, கையை ஆட்டு."

"கை காலியா இல்லையே. ஒண்ணு உங்ககிட்ட இருக்கு. இன்னொண்ணு ஜன்னலை மறைச்சிருக்கு."

ஒச்சம்மா சட்டென்று பிடியை விட்டார். நீலா அந்தக் கையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

ஒச்சம்மா கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் ஜன்னல் இருந்த பக்கமாகத் திரும்பி, தானும் கையைத் தூக்கி மெல்ல ஆட்டினார்.